கியர் இல்லாத சைக்கிளும் ஒரு டாக்டர் சொன்ன தப்பான அறிவுரையும்

1/
"டாக்டர், இவ்ளோ தடிமனா டயர் போட்ட சைக்கிள்ல கியரைக் காணோமே? காசு பத்தலையா, இல்ல கழண்டு விழுந்துடுச்சா?"

போன வாரம் நான் போட்ட படத்துக்குக் கீழே ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. ரெண்டு வரியில் பதில் போட்டுடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர் சொன்ன ரெண்டாவது காரணம் உண்மை. கழண்டுதான் விழுந்தது. அதன் பிறகு கியர் இல்லாமலே ஓட்டிப் பழகினேன். அந்தப் பழக்கத்தில் வந்த ஒரு வீம்பால் ஒரு நோயாளிக்குத் தப்பான அறிவுரையும் சொன்னேன். அதையும் சொல்லாமல் இந்தப் பதில் முழுசாகாது.

கொஞ்சம் நீளமாகப் போகும் நண்பர்களே. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வாங்க.

2/
எனக்குக் கோவைக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் பக்கம் சின்ன கிளினிக். காலையில் ஒரு ஷிஃப்ட், சாயங்காலம் ஒரு ஷிஃப்ட். நாள் முழுக்க நாற்காலி. ஊருக்கெல்லாம் "நடங்க, நடங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன்.

41 வயசில் என் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோயின் வாசற்படி. உள்ளே போகவில்லை, ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டாச்சு என்று அர்த்தம்.

உடனே போய் ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 9. மொத்தம் 27 கியர். கூடவே நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை, ஹேண்டில்பாரில் வேகம் காட்டும் கருவி, போனில் ஒரு செயலி. ஓட்டியதைவிட எண்களைப் பார்த்ததுதான் அதிகம்.

3/
ரெண்டு வருஷம் நல்லாத்தான் போனது. எடை குறைந்தது, சர்க்கரை அளவும் இறங்கியது.

ஒரு ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்தும் சாரலும் சேர்ந்து அடிக்கும் காலம். தோட்டத்து மண் பாதையில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு குச்சி பின்சக்கரத்தில் சிக்கி, 'படக்' என்று ஒரு சத்தம். பெடல் நின்றது.

கியர் சைக்கிளில் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கருவி தொங்கும், பார்த்திருப்பீங்க. டீரெய்லர் என்பார்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. அதைச் சட்டத்தோடு பிடித்திருப்பது விரல் நீள அலுமினியத் துண்டு. அடி பட்டால் சட்டம் தப்பிக்கட்டும், நான் உடைந்துகொள்கிறேன் என்பதற்காகவே செய்யப்பட்ட துண்டு அது. தன் கடமையைச் செய்துவிட்டது. டீரெய்லர் செயினில் ஊசலாடியது. வீட்டுக்கு 11 கிலோமீட்டர்.

4/
தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தது ஒரு பஞ்சர் கடை. பெரியவர் ஒருத்தர் தண்ணித் தொட்டியில் டியூபை முக்கிக்கொண்டிருந்தார். என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இந்த மாதிரி வண்டியெல்லாம் நாம தொட்டதில்லீங்க. ஆனா செயின்னா செயின்தானுங்க."

டீரெய்லரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். செயினைக் கழற்றி, முன்னால் நடு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம் என்று வைத்துப் பார்த்தார். தொங்கியது. அடுத்ததில் வைத்தார். இறுகியது. நாலாவது முயற்சியில் கச்சிதமாக உட்கார்ந்தது. மிச்சமிருந்த கண்ணிகளை வெட்டி எடுத்துவிட்டு, பின்னைத் தட்டிச் சேர்த்தார்.

"இனி இது நம்ம ஊர் சைக்கிள்ங்க. அழுத்திப் போங்க."

40 ரூபாய் கேட்டார். 27 கியர் சைக்கிள் ஒரு கியர் சைக்கிளாக மாறியது இப்படித்தான்.

5/
அந்த 11 கிலோமீட்டரை எப்படி விவரிப்பேன்?

முதல் மேட்டில் என் கட்டைவிரல் தானாகவே கியர் பட்டனைத் தேடியது. அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. நடுவில் செயினும் ரெண்டு தடவை கழன்றது. எண்ணெய்க் கையோடு மாட்டினேன். மூணாவது மேட்டில் விரல் தேடுவதை நிறுத்தியது. நாலாவது மேட்டில் ஒன்றைக் கவனித்தேன். மேடு வருவதற்கு முப்பது மீட்டர் முன்னாலேயே நான் வேகம் எடுக்க ஆரம்பித்திருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. ஆறாம் வகுப்பில் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்ட காலத்தில் காலுக்குத் தெரிந்திருந்த விஷயம் அது. காலுக்கு மறக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரமாக எந்த எண்ணையும் நான் பார்க்கவில்லை. எந்த நோயாளியின் ரிப்போர்ட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

6/
கியர் இல்லாத சைக்கிளில் மேடு வந்தால் மூன்றே வழிதான். உட்கார்ந்து மிதிக்கலாம். எழுந்து நின்று மிதிக்கலாம். இறங்கித் தள்ளலாம். (இந்த மூன்றாவதைக் கவனமா வெச்சுக்கோங்க, கதையே அதில்தான் இருக்கு.)

கியர் இருந்தால் வழிகள் அதிகம். அது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு முடிவு எடுக்கணும். இது போதுமா, ஒன்று குறைக்கலாமா, சீக்கிரம் மாற்றிவிட்டேனா? டாக்டர் வேலையே காலையிலிருந்து இரவு வரை முடிவு எடுக்கும் வேலை. இந்த மாத்திரையா அதுவா, இங்கேயே பார்க்கலாமா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா? காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் யாரோ எனக்காக முடிவெடுத்து வைத்திருந்தால் நல்லாயிருக்கும் இல்லையா? ஒற்றைக் கியரில் அந்த முடிவைப் பாதை எடுத்துவிடுகிறது. நான் கீழ்ப்படிந்தால் போதும்.

7/
ரெண்டு மாசம் அந்த ஒட்டுப்போட்ட சைக்கிளையே ஓட்டினேன். பிறகு சிங்கிள்ஸ்பீடாகவே செய்த மவுண்டன் பைக் ஒன்று வாங்கினேன். 29 இஞ்ச் சக்கரம். முன்னால் 32 பல், பின்னால் 20 பல்.

தொழில்நுட்பக் காரணங்களும் உண்டு. மழைக்காலத்துச் சேறு முதலில் அடைப்பது டீரெய்லரில்தான். அது இல்லையென்றால் அடைக்க இடமில்லை, வளைய ஒன்றுமில்லை, உடைய ஒன்றுமில்லை. செயின் முன்னிருந்து பின்னுக்கு நேர்க்கோட்டில் ஓடுவதால் சத்தமும் தேய்மானமும் குறைவு. குழாய்த் தண்ணி, பழைய துணி, ரெண்டு சொட்டு எண்ணெய். பராமரிப்பு முடிந்தது.

ஒன்றே ஒன்றைக் கவனிக்கணும். செயின் தொய்ந்தால் கழன்றுவிடும். அதனால் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்குகிற மாதிரி சட்டத்தில் நீளமான காடி இருக்கணும். நம்ம ஊர் சாதா சைக்கிளில் பின்னால் இருக்குமே, அதே மாதிரி.

8/
"மவுண்டன் பைக்னாலே கியர்தானே டாக்டர்?" என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு.

மவுண்டன் பைக் வளர்ந்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி. 1970களில் அங்கே கொஞ்சம் இளைஞர்கள் 1930கள், 40களின் பழைய தடிமன் டயர் சைக்கிள்களைத் தேடி எடுத்து மலைப்பாதையில் இறங்கி விளையாடினார்கள். அந்த சைக்கிள்களில் ஒரே கியர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும்.

1976 அக்டோபரில் ஒரு மலை இறக்கத்தில் பந்தயமே ஆரம்பித்தார்கள். அந்தப் பாதைக்கு 'ரீபேக்' என்று பேர். ஏன் தெரியுமா? இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக் சூடாகி உள்ளே இருக்கிற கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் பிரித்துப் புதுசாக கிரீஸ் அடைக்கணும். ஆங்கிலத்தில் அதற்குத்தான் அந்தச் சொல்.

சரி, மேலே எப்படிப் போனார்கள்? தள்ளிக்கொண்டு போனார்கள், இல்லை டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கேரி ஃபிஷர் போன்றவர்கள் அந்தப் பழைய சட்டத்தில் கியர் மாட்டியது மேலேயும் ஓட்டிக்கொண்டே போக வசதியாக இருந்தது. ஆக, பிறக்கும்போது அது ஒற்றைக் கியர்தான். கியர் பிறகு வந்த வசதி.

9/
இந்தச் சண்டை அதைவிடவும் பழசு.

டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெக்ரான்ஜ், மாற்றுக் கியர் எல்லாம் 45 வயசு தாண்டினவர்களுக்குத்தான் என்ற அர்த்தத்தில் 1902இலேயே எழுதினார். தசை பலத்தால் ஜெயிக்கணும், கருவியால் அல்ல என்பது அவர் கட்சி. அவருடைய பந்தயத்தில் டீரெய்லருக்கு அனுமதி கிடைத்தது 1937இல்தான். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவார்கள். சக்கரத்தின் ஒரு பக்கம் சமவெளிக்கான பல்சக்கரம், மறுபக்கம் மலைக்கானது.

இதைப் படித்தபோது எனக்கு வயசு 44. ஒரு வருஷம் மிச்சம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம்தான் சறுக்கின இடம். வர்றேன்.

10/
அதற்கு முன்னால் ஒரு கணக்கு. பயப்படாதீங்க, பள்ளிக்கூடக் கணக்குதான்.

நானும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ. 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயரும் ஒரு மேடு. அந்த 90 கிலோவை மேலே கொண்டுபோக ஆகும் வேலை கியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மலை விலையைக் குறைக்காது.

மாறுவது எவ்வளவு வேகமாகச் செலுத்தறோம் என்பது. என் சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 3.6 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 45 சுற்றுக்குக் கீழே போனால் எனக்குத் தடுமாறும். ஆக 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏறியே ஆகணும். அதற்கு 200 வாட்டுக்கு மேல் தேவை. இப்போது வருகிற 12 கியர் சைக்கிளில் 32க்கு 51 பல் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்தான். சாவகாசமாக 5 கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். சுமார் 120 வாட் போதும்.

கியர் என்பது மாதத் தவணை. ஒற்றைக் கியர் என்பது ரொக்கம். கையில் காசு இருக்கிறவனுக்கு ரொக்கம் சுகம். இல்லாதவனை ரொக்கமாக் கொடு என்று நெருக்கினால் என்ன ஆகும்?

11/
அதையே டாக்டர் பாஷையில் சொல்றேன்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனை 1 மெட் என்போம். அந்த மேட்டில் என் ஒற்றைக் கியர் கேட்பது 10 முதல் 11 மெட். கியர் சைக்கிளில் மெதுவாக ஏறினால் சுமார் 7. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 5 பக்கம்.

இதய நோயாளிகளுக்கு ஓடுபொறியில் நடக்கவிட்டு ஈசிஜி எடுப்போமே, டிஎம்டி, அதில் வழக்கமான முறைப்படி 3 நிமிஷத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டம் ஏறக்குறைய 5 மெட், இரண்டாவது 7, மூன்றாவது 10. கிட்டத்தட்ட நம்ம மூன்று வழிகளும் அதே வரிசை.

இன்னொன்று. நின்றுகொண்டு ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்து மெதுவாக, பலமாக அழுத்தும்போது நம்மை அறியாமல் மூச்சைப் பிடிப்போம். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஆரோக்கியமான ஆளுக்குப் பெரிய விஷயமில்லை. எல்லாருக்கும் அப்படி இல்லை.

12/
இப்போ என் வீம்புக் கதை.

எங்க பக்கம் ஒரு கோயில் மேடு இருக்கிறது. அரை கிலோமீட்டர்தான், ஆனால் கடைசி நூறு மீட்டர் செங்குத்து. அதைக் கால் ஊன்றாமல் ஏறணும் என்று எனக்கு நானே ஒரு விதி போட்டேன். உட்காரலாம், நிற்கலாம், இறங்கக் கூடாது. இறங்கினால் தோல்வி.

முடிவெடுக்கும் பாரம் வேண்டாம் என்று கியரை விட்டவன், அதே சைக்கிளில் புதுசாக ஒரு பாரத்தை ஏற்றிக்கொண்டேன். முதல் தடவை இறங்காமல் ஏறிய அன்று கிளினிக்கில் எல்லாரிடமும் சொன்னேன். பிபி பார்க்க வந்த பாட்டியிடம்கூடச் சொன்னேன். அந்தம்மா, "அதுக்கு எதுக்குங் கண்ணு இந்த அவசரம்?" என்றார்.

நாலு மாசத்தில் வலது முட்டிச் சிப்பிக்குப் பின்னால் வலி ஆரம்பித்தது. படி இறங்கும்போது குத்தும். வேறு யாராவது இதைச் சொல்லிக்கொண்டு வந்திருந்தால், "பாரத்தைக் குறைங்க" என்று ஒரே வரியில் சொல்லியிருப்பேன். எனக்கு நான் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

13/
அந்தக் காலத்தில்தான் அவர் வந்தார். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

58 வயசு. பால்காரர். முப்பது வருஷமாக சைக்கிளில் ரெண்டு பக்கமும் கேன் கட்டி வீடு வீடாகப் பால் ஊற்றுபவர். மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பிபி, சர்க்கரைக்கு என்னிடம் வருபவர் என்பதால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க டாக்டரு, இனிமே சைக்கிள் ஓட்டலாமுங்களா?"

"எந்தப் பக்கம் போவீங்க?"

"கோயில் மேட்டுப் பக்கந்தானுங்க."

எனக்குப் பகீர் என்றது. அந்த மேட்டில் என் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். அதுவும் அவர் சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18. ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல். என்னுடையதைவிட எவ்வளவோ கனம்.

"சைக்கிளை இன்னையோட மறந்துடுங்கண்ணா. ஒரு வண்டி வாங்கிக்குங்க" என்றேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாச்சு.

14/
அவர் சொன்ன பேச்சைத் தட்டவில்லை. சைக்கிளை விற்றார். பழைய டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று வாங்கினார்.

ஒரு வருஷத்தில் 7 கிலோ ஏறியிருந்தார். ஹெச்பிஏ1சி 7.1இல் இருந்து 8.4. மாத்திரை கூட்டினேன். அடுத்த முறையும் கூட்டினேன். "நடக்கிறீங்களா?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவார். கூட வந்த மனைவிதான் சொன்னார்: "பால் ஊத்திட்டு வந்து கட்டில்ல உக்காந்துக்கறாருங்க. யாருகிட்டயும் பேசறதில்லீங்க."

ஒரு நாள் மழை. கூட்டம் இல்லை. சும்மா பேச்சுக்குக் கேட்டேன்: "அந்தக் காலத்துல ரெண்டு கேனோட கோயில் மேட்டை எப்படிண்ணா மிதிச்சு ஏறினீங்க?"

என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

15/
"மிதிச்சா? ஏனுங்க டாக்டரு, பால் தளும்பாதுங்களா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"மேட்டுக்கு முன்னாடி எறங்கிருவனுங்க. தள்ளிக்கிட்டே மேல போயி, அங்க வேப்ப மரத்தடியில ஒரு நிமிசம் நின்னுட்டு, அப்பறம் ஏறிக்குவனுங்க. முப்பது வருசமா அப்படித்தானுங்க. யாராச்சும் அந்த மேட்டுல மிதிப்பாங்களா?"

மேலே கணக்குப் போட்டேனே, அந்த 5 மெட். அவர் முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருந்தது அதுதான். (கேன் பாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்குங்க.) நான் மனசில் அவரை 11 மெட்டில் மிதிக்கவிட்டு, அதைப் பார்த்து நானே பயந்து, தடை போட்டிருக்கிறேன்.

16/
நான் எங்கே தப்பு பண்ணினேன் என்று பல நாள் யோசித்தேன்.

ஆறு வாரத்தில் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னது தப்பில்லை. பரிசோதனை இல்லாமல் "ஓட்டுங்க" என்று சொல்லியிருந்தால் அதுதான் பெரிய தப்பு. ஆனால் 'எந்தப் பக்கம் போவீங்க' என்று கேட்ட நான், 'எப்படிப் போவீங்க' என்று கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? இறங்கித் தள்ளுவது என்று ஒரு வழி இருப்பதே என் மண்டையில் அப்போது இல்லை. அதைத் தோல்விக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். என் வீம்பு என் சைக்கிளோடு நிற்காமல் என் மருந்துச் சீட்டுக்கும் வந்துவிட்டது. உடற்பயிற்சி செய்கிற டாக்டர்கள் எல்லாரும் (நான் உட்பட) இதைக் கொஞ்சம் யோசிக்கணும். நாம எப்படிச் செய்யறோமோ அப்படித்தான் எல்லாரும் செய்வாங்க என்று நினைத்துக்கொள்கிறோம்.

அவரிடம் அன்றைக்கே சொன்னேன்: "நான் சரியா விசாரிக்காம சொல்லிட்டேண்ணா. தப்பு என்மேல." அவர், "அட விடுங்க" என்று சொல்லிவிட்டு, உடனே அடுத்ததைக் கேட்டார்: "அப்ப ஓட்டலாமுங்களா?"

17/
இந்த முறை அவசரப்படவில்லை. அவருடைய இதய மருத்துவரிடம் பேசினேன். எக்கோ பார்த்தார்கள், டிஎம்டி செய்தார்கள். இரண்டாவது கட்டத்தை வலி இல்லாமல், ஈசிஜியில் மாற்றம் இல்லாமல் முடித்தார். முதலில் ஒரு மாசம் நடை. பிறகு கேன் இல்லாமல் சமதரையில் சைக்கிள். பிறகு ஒரு கேன்.

விதிகள் மூன்றே மூன்று. மேட்டில் எப்போதும்போல இறங்கிவிடணும். பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற அளவுக்குத்தான் மூச்சு வாங்கணும். நெஞ்சில் இறுக்கம், தாடை அல்லது கையில் வலி, தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சிரைப்பு, எது வந்தாலும் நிறுத்தணும். நிறுத்திய பிறகும் சில நிமிஷத்தில் அடங்கவில்லை என்றால் 108ஐக் கூப்பிடணும்.

"கையில கட்டற வாட்ச்ல துடிப்பு பார்க்கட்டுமா டாக்டர்?" என்று சிலர் கேட்பீர்கள். இதய நோய்க்குப் பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுவார்கள். அது துடிப்பை ஏறவிடாது. அவர்கள் வாட்ச்சை நம்புவதைவிடப் பேச்சை நம்பலாம்.

பழைய சைக்கிள் திரும்பக் கிடைக்கவில்லை. செகண்ட் ஹேண்டில் இன்னொன்று வாங்கினார். எட்டு மாசத்தில் 4 கிலோ இறங்கியிருக்கிறார். சர்க்கரை 7.4. சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிளினிக்குக்கு வந்தால் இப்போது அவர்தான் அதிகம் பேசுகிறார்.

18/
என் முட்டி?

சீட்டை ஒரு விரல்கடை உயர்த்தினேன். (பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளணும். அதைவிடத் தாழ்வாக இருந்தால் முட்டிக்குச் சுமை கூடும்.) பின்னால் 20 பல்லை எடுத்துவிட்டு 22 போட்டேன். தொடைத் தசைக்குப் பயிற்சி ஆரம்பித்தேன். முக்கியமாக, கோயில் மேட்டில் இறங்க ஆரம்பித்தேன். மூணு மாசத்தில் வலி போனது.

முதல் நாள் இறங்கியபோது சுற்றுமுற்றும் பார்த்தேன், யாராவது பார்க்கிறார்களா என்று. ஒரு மாடும் அதன் கன்றும் பார்த்தன. ரெண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

19/
சரி, கடைசியில் எது வாங்கலாம்? நேரடியாகச் சொல்கிறேன்.

கியர் வாங்குங்க: முட்டி வலி, இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால். ரொம்ப நாள் உட்கார்ந்தே இருந்துவிட்டு இப்போதுதான் ஆரம்பிக்கிறீங்க என்றால். கோத்தகிரி, ஏற்காடு மாதிரி கிலோமீட்டர் கணக்கில் ஏறும் மலை போவீங்க என்றால். கூட்டாளிகளோடு ஒரே வேகத்தில் போகணும் என்றால். என் சைக்கிள் நிமிஷத்துக்கு 100 சுற்று சுற்றினாலும் 20, 22 கிலோமீட்டர்தான் போகும். சமதரையில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போவார்கள்.

ஒற்றைக் கியர் வாங்குங்க: உடம்பு ஓரளவு பழகியிருந்தால். மழையிலும் சேற்றிலும் ஓட்டுவீங்க என்றால். சின்னச் சின்ன ஏற்ற இறக்கப் பாதை என்றால். வேலையில் ஏற்கெனவே முடிவெடுத்துக் களைத்த ஆள் என்றால். இறங்கத் தெரிந்த ஆள் என்றால்.

அந்தக் கடைசித் தகுதி எனக்கு வரத்தான் ரெண்டு வருஷமும் ஒரு முட்டியும் ஆனது.

எது வாங்கினாலும் ஹெல்மெட் போடுங்க. எங்க பக்கம் காட்டோரம் ஓட்டுறவங்க இருட்டுவதற்கு முன்னாடி வீடு வந்து சேருங்க. யானைக்கு முன்னால் எத்தனை கியர் இருந்தாலும் ஒன்றுதான்.

20/
எனக்கு இப்போது 47. தெக்ரான்ஜ் கணக்குப்படி ரெண்டு வருஷத்துக்கு முன்னாலேயே கியருக்கு மாறியிருக்கணும். பழைய 27 கியர் சைக்கிளுக்கு அந்த அலுமினியத் துண்டை வாங்கி மாட்டிவிட்டேன். மலைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான். மற்ற நாளில் ஒற்றைக் கியர்.

சில நாள் காலை ஆறரைக்குக் கோயில் மேட்டில் பால்காரர் எனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போவார். நானும் இறங்கிவிடுவேன். பேசிக்கொண்டே போவோம். மாட்டுத் தீவன விலை, அவர் பேத்தியின் ப்ளஸ் ஒன் அட்மிஷன். வேப்ப மரத்தடியில் ஒரு நிமிஷம் நிற்போம். அவர் கேனைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார், தளும்பவில்லையே என்று. பிறகு ஏறிக்கொள்வோம்.

தம்பி, உங்க கேள்விக்குப் பதில் இதுதான். காசு பத்தாமல் இல்லை. கழண்டுதான் விழுந்தது.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, கிளினிக் முடிந்து வந்து பதில் போடுகிறேன். "எந்தக் கம்பெனி சைக்கிள் டாக்டர்?" என்று மட்டும் கேட்காதீங்க. எப்படி ஓட்டுவீங்க என்று முதலில் நீங்க சொல்லுங்க.